ஊட்டியில மேசை எங்க இருக்கு? நீலகிரியை ஏன் பீடபூமின்னு சொல்றாங்க

திண்ணைப்பேச்சு:

எல்லாருக்கும் வணக்கம். புவியியல் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விளக்குங்க, வீட்ல மானம் போகுது. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. மலைன்னா கூம்பா இருக்கும், பீடபூமின்னா மேல் பக்கம் மேசை மாதிரி தட்டையா இருக்கும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. போன மாசம் மூணு நாள் ஊட்டி போயிருந்தோம், கிளம்புறதுக்கு முன்னாடி நான்தான் பெரிய மேதாவியாட்டம் நீலகிரி ஒரு பீடபூமி தெரியுமா, அது மேல ஒரு ஊரே உக்காந்திருக்குன்னு பீத்திக்கிட்டேன். அங்க போய் இறங்கினதுல இருந்து ஒரே கேள்வி, "மேசை எங்கப்பா?"

தொட்டபெட்டா உச்சியில நின்னு நாலா பக்கமும் பாக்குறோம், எங்க பாத்தாலும் மேடு பள்ளம் மேடு பள்ளம், சுருட்டிப் போட்ட போர்வையாட்டம் கிடக்கு. ஊருக்குள்ளயும் அதே கதைதான், ரூம்ல இருந்து டீ குடிக்கப் போனா இறக்கம், திரும்பி வந்தா ஏத்தம், என் முட்டி கழண்டுடுச்சு. உருப்படியா தட்டையா நான் பாத்தது பஸ் ஸ்டாண்டும் அதை ஒட்டின பழைய ரேஸ்கோர்ஸும்தான். அதைக் காட்டி "இதோ மேசை"ன்னு சமாளிச்சுட்டேன், அவ நம்பல.

வர்றப்போ கூடலூர் வழியா இறங்கினோம், அங்க வேற உலகமா இருக்கு, வெக்கை, காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, பேச்சுல பாதி மலையாளம். அதுவும் நீலகிரி மாவட்டம்தானாமே. அதுவும் இதே பீடபூமியில சேர்த்தியா இல்ல தனியா? பொண்ணுகிட்ட பேசாம மலைன்னு சொல்லி முடிச்சுடலாமா?

குரூப்ஃபோர்கனவு:

அண்ணா எக்ஸாமுக்குன்னா மலைன்னே எழுதுங்க, வம்பு வேணாம். தமிழ்நாட்டுப் பீடபூமின்னு கேட்டா பாரமகால், கோயம்புத்தூர், மதுரை இதுங்கதான் ஆன்சர். நீலகிரி மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ற இடம், தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டுலயே உயரம். தென்னிந்தியாவுக்கே உயரம்னு ஆப்ஷன் குடுத்தா ஏமாந்துடாதீங்க, அது கேரளாவுல இருக்குற ஆனைமுடி, 2,695. எனக்கும் ஒரு டவுட், தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பு உறைஞ்சு வந்ததுன்னு படிச்சோமே, நீலகிரியும் அப்படித்தானா?

கல்லுடைப்பான்:

தம்பி எரிமலையை முதல்ல ஓரமா வச்சிடுங்க, ஊட்டி ஏரி எரிமலை வாய்னு ஒரு வதந்தி வருஷா வருஷம் வாட்ஸப்ல சுத்துது. அந்த ஏரி 1820கள்ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் ஓடையை மறிச்சுக் கட்டினது. திண்ணைப்பேச்சு சார், இன்னொரு வேடிக்கை தெரியுமா, நீங்க மேசைன்னு காட்டின பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் ஒரு காலத்துல அந்த ஏரிக்குள்ள இருந்த இடம், தூந்து போய் நிலமாச்சு. அதாவது ஊட்டியிலயே தட்டையான இடம் எதுவோ அதுக்கும் பீடபூமிக்கும் சம்பந்தமே இல்ல, பொண்ணு நம்பாதது ரொம்ப சரி.

நான் காலேஜ்ல படிச்சது நிலவியல், இப்ப பாக்குற வேலை வேற, ஆனா ரோடு வெட்டின இடத்துல கல்லைப் பாத்தா இன்னும் வண்டியை நிறுத்திடுவேன், வீட்டம்மா திட்டுவாங்க. மேல் பக்கம் தட்டையா இருக்குறதுல ரெண்டு ஜாதி இருக்குங்க. ஒண்ணு, அடுக்கு அடுக்கா பாறை படுத்திருக்கும், மேல் அடுக்கு கெட்டி, கீழ இருக்கிறது அதைவிட லேசு. சுத்தி இருக்கிறதெல்லாம் மழையில கரைஞ்சு போக அந்தக் கெட்டி மூடி மட்டும் தன் கீழ இருக்கிறதைக் காப்பாத்திக்கிட்டு நிக்கும், ஓரம் செங்குத்தா இருக்கும், மேல கிரிக்கெட்டே ஆடலாம். மகாராஷ்டிராவுல பஞ்ச்கனி டேபிள்லேண்ட் இந்த ரகம், கீழ எரிமலைப் பாறை, மேல செம்புறைக்கல் மூடி. தென்னாப்பிரிக்கா கேப்டவுன் டேபிள் மவுண்டனும் இந்த ரகம்தான், அங்க மேல இருக்கிறது கெட்டி மணற்கல். இதே ஜாதியில சின்னதா தனியா நிக்கிறதை மேசான்னு சொல்லுவாங்க, ஸ்பானிஷ்ல மேசைன்னு அர்த்தம். அதுவும் தேஞ்சு உயரத்தை விட அகலம் கொறஞ்சு போச்சுன்னா ப்யூட். பாடப் புத்தகத்துல படம் போடுறவங்க பெரும்பாலும் இதைத்தான் வரையிறாங்க, ஏன்னா வரைய ஈஸி.

நீலகிரி இந்த ஜாதி கிடையாது. அங்க அடுக்கே இல்ல, எல்லாம் சார்னோகைட்னு ஒரு கல்லு, ஒடச்சா உள்ள நீலமும் சாம்பலும் கலந்து எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். இது ஏறக்குறைய 250 கோடி வருஷத்துக் கல்லு, பூமிக்கு உள்ள 20 கிலோமீட்டருக்கும் கீழ வெந்து உருவானது. தக்காணத்து எரிமலைப் பாறைக்கு வயசு ஆறரைக் கோடிதான், அது இதுக்குப் பேரன் கூட இல்ல. (நம்ம பல்லாவரம் பக்கமும் இதே கல்லுதான், கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரர் கல்லறையில இருந்த கல்லைப் பாத்து அவர் பேரையே வச்சுட்டாங்க.) அவ்ளோ ஆழத்துல இருந்தது இன்னைக்கு மேல தெரியுதுன்னா அதுக்கு மேல எவ்ளோ தேஞ்சு போயிருக்கணும் யோசிங்க. கோடிக்கணக்கான வருஷம் தேஞ்சு தேஞ்சு அந்தப் பரப்பு கிட்டத்தட்ட சமமாச்சு, பிற்பாடு வடக்க மோயாறு பக்கம் ஒண்ணு தெக்க பவானி பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பழைய பிளவுக் கோட்டுக்கு நடுவுல மாட்டின துண்டு மட்டும் அப்படியே மேல ஏறி நிக்குது. அப்புறம்தான் ஓடைங்க வந்து மேல் பக்கத்தைச் சொரண்டி வச்சிருக்கு. நீங்க பாத்த மேடு பள்ளம் அந்தச் சொரண்டல்.

கணக்கா சொல்றேன். மேல் நீலகிரி கிழக்கு மேற்கா ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வச்சுக்கோங்க. அதை ஒரு மீட்டர் நீளப் பலகையா சுருக்கினா, ஊட்டியில இருந்து தொட்டபெட்டா உச்சி வரைக்கும் இருக்குற அந்த 400 மீட்டர் ஏத்தம் வெறும் 8 மில்லிமீட்டர், ஒரு வேர்க்கடலை உக்காந்திருக்குற மாதிரி. ஆனா பலகையோட கனம், அதாவது மேல இருந்து கீழ சமவெளி வரைக்கும், 3 செ.மீ.க்கு மேல வரும். நாம 8 மில்லிமீட்டர் பள்ளத்துக்குள்ள நின்னுக்கிட்டு பலகை எங்கன்னு தேடுறோம்.

நம்ப முடியலன்னா ரயிலைப் பாருங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் சாதாரணத் தண்டவாளம், கல்லாறு 381 மீட்டர்ல இருக்கு. அங்க இருந்து குன்னூர் ஸ்டேஷன் 1,712 மீட்டர், சுமார் 20 கிலோமீட்டர்ல 1,300 மீட்டருக்கு மேல ஏறணும், அதுக்குத்தான் நடுவுல பல்சக்கரத் தண்டவாளம், 12.5 அடி போனா ஒரு அடி ஏத்தம். குன்னூர் தாண்டினா பல்லும் இல்ல சக்கரமும் இல்ல, நீராவி இஞ்சினைக் கழட்டிட்டு டீசல் மாட்டிடுவாங்க, ஊட்டி வரைக்கும் மிச்ச 18 கிலோமீட்டர்ல ஏறுறது வெறும் 500 மீட்டர் சுமாருக்குத்தான். பல் எங்க முடியுதோ அங்க பலகையோட விளிம்பு. 1899ல குன்னூர் வரைக்கும் வந்த ரயில் 1908லதான் ஊட்டியைத் தொட்டுது.

பொறங்காட்டான்:

நான் கோத்தகிரி பக்கம் ஹட்டிக்காரன், ஹட்டின்னா எங்க படகர் ஊரு. கல்லு விஷயம் அண்ணன் சொல்லிட்டார், நான் அங்க இருக்கிறவன் பார்வையில சொல்றேன். எங்க ஆளுங்க மலைன்னு சொல்றதே அந்த ஒத்தை ஒத்தை மேட்டைத்தான், அதுக்குப் பேரு பெட்டா. தொட்ட பெட்டான்னா பெரிய மலை, அவ்ளோதான். மொத்த நாட்டுக்கு நாக்குபெட்டான்னு பேரு, தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தெ, நாலு சீமை. எங்க பாட்டிக்கெல்லாம் தான் மலை மேல இருக்கோம்னு நெனப்பே கிடையாது, தான் இருக்கிறது நாடு, கோயம்புத்தூர் போறவன் "கீழ போறான்", அவ்ளோதான் வித்தியாசம்.

திண்ணைப்பேச்சு அண்ணே, நீங்க பொண்ணைத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப் போனதுதான் தப்பு. அது நடு வீட்டுல ஸ்டூல் போட்டு ஏறி நிக்கிற மாதிரி. வாசலுக்குப் போனாத்தானே வீடு எவ்ளோ உயரத்துல இருக்குன்னு தெரியும். கோத்தகிரியில இருந்து கோடநாடு காட்சி முனைக்குப் போங்க, வழியெல்லாம் டீத் தோட்டம், லேசா ஏறி இறங்கும், ஒண்ணும் தெரியாது, கடைசியில கம்பியைப் பிடிச்சு எட்டிப் பாத்தா தரையே இல்ல. ஆயிரம் மீட்டருக்கு மேல கீழ மோயாறு ஒரு நூல் மாதிரி நெளிஞ்சு போகும், பக்கத்துல ரங்கசாமி தூண்னு ஒரு பாறை தனியா நிக்கும். முதல் தடவை எட்டிப் பாக்குறவங்க கை தானா கம்பியை இறுக்கிப் பிடிக்கும், நானே பாத்திருக்கேன். உள் பக்கத்துல சமமா தெரியணும்னா ஊட்டியில இருந்து கூடலூர் ரோட்டுல ஒன்பதாவது மைல் போங்க, அந்தப் புல்வெளி எல்லாம் அலை அலையா போகும், எந்த மேடும் பக்கத்து மேட்டை விட ரொம்ப ஓங்கி நிக்காது.

பள்ளம் மேடுன்னு சும்மா சொல்லிட்டீங்க, எங்களுக்கு அதுலதான் பொழப்பே. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி மேட்டுல விழாது, பள்ளத்துலதான் விழும். குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரி முழுக்கத் தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு வந்து பள்ளத்துல தேங்கிடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியக்காலம் போனா புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி இருக்கும், மிதிச்சா நறநறன்னு சத்தம் கேக்கும், அங்க இருந்து மேட்டுல ஒரு ஐம்பது அடி ஏறினா புல்லு பச்சையா இருக்கும். பள்ளத்துல டீ வச்சவன் காஞ்ச மிலாரை வெட்டி செடிக்கு மேல போட்டு மூடிட்டு விடிய விடிய வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்பான். ஒரே ராத்திரியில கொழுந்து கருகி செவந்து போய் நிக்கும்.

மழையும் அப்படித்தான். ஆடி மாசம் குந்தெ பக்கம் கொட்டித் தீர்க்கும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல பேஞ்சுது, எங்க கோத்தகிரியில அப்ப வெறும் தூறலும் மேகமும். எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை. அதுல பயமும் இருக்கு, 2009 நவம்பர்ல மண்சரிவுல 40 பேருக்கு மேல போயிட்டாங்க. விளிம்பு பக்கம் வீடு கட்டுறவங்களுக்கு அந்த வருஷம் மறக்கவே மறக்காது, ஆனாலும் கட்டிக்கிட்டேதான் இருக்காங்க, வியூ கிடைக்குதாம்.

கல்லுடைப்பான்:

பொறங்காட்டான் சொன்ன மண்சரிவுக்கு ஒரு வார்த்தை. அங்க பாறை கெட்டிதான், ஆனா அந்தப் பழைய பரப்பு மேலயே கோடிக்கணக்கான வருஷம் மழை பட்டு சில இடத்துல பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கு வெறும் செம்மண்ணும் களிமண்ணுமா மக்கிப் போயிருக்கு. சமமா இருக்குற வரைக்கும் அது நகராது. விளிம்புல ரோடு போட சரிவோட அடியை வெட்டிட்டா, மழைத் தண்ணி இறங்கி பாறையைத் தொட்டதும் மேல இருக்கிறது மொத்தமா வழுக்கும்.

திண்ணைப்பேச்சு:

அடேங்கப்பா, கடலைக் கணக்கை அப்படியே பொண்ணுகிட்ட சொன்னேன், ஸ்கேல் எடுத்து வந்து டைனிங் டேபிள்ல அளந்து பாத்துட்டா. அப்போ கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை எல்லாம்? கொல்லிமலையில 70 வளைவு ஏறினதும் நெல் வயலைப் பாத்து அசந்து போனேன், அதுவும் இந்த ஜாதியா? கூடலூர் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

கல்லுடைப்பான்:

ஆமா சார், கொடைக்கானல் இருக்குற பழனி மலை, ஏற்காடு இருக்குற சேர்வராயன், கொல்லிமலை எல்லாமே மேல அகலமா இருக்குற துண்டுங்கதான். ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் உச்சியில பாக்சைட் எடுத்தாங்களே, அது சரிவுல உருவாகாது, ரொம்ப காலம் சமமா கிடந்த நிலத்துல மழையில எல்லாம் கரைஞ்சு போய் அலுமினியம் மட்டும் தங்கினா வர்றது. நீலகிரி மேலயும் பாக்சைட் உண்டு. பாக்சைட் இருந்தா அது ஒரு காலத்துல சமதளம்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.

கூடலூர், பந்தலூர் நியாயமா வயநாட்டுப் பீடபூமியோட வால். ஊட்டி 2,240 மீட்டர், கூடலூர் 1,070 சுமாருக்கு, அதாவது முழுசா ஒரு படி கீழ. தேவாலா பக்கம் 1880 வாக்குல வெள்ளைக்காரன் தங்கம் தோண்டி நஷ்டப்பட்டது அந்தப் படியிலதான். வடக்க மசினகுடி பக்கம் சீகூர் பீடபூமின்னு இன்னொரு படி, அதுவும் ஆயிரம் மீட்டர் சுமார், ஆனா மழை மறைவுப் பக்கம், முள்ளுக்காடு. கல்லட்டி வழியா 36 வளைவு இறங்கினா சோலையில இருந்து அரை மணி நேரத்துல கருவேலங்காட்டுக்கு வந்துடுவீங்க. உயரம் ஆயிரம் மீட்டர் கொறைஞ்சா ஆறு ஆறரை டிகிரி வெப்பம் கூடும், கூடலூர்ல உங்களுக்கு வெக்கை அடிச்சதுக்கு அதுதான் காரணம். மேல போகப் போக காத்தழுத்தமும் கொறையும், அதனால ஊட்டிக்கு வர்றப்போ சிப்ஸ் பாக்கெட் உப்பி நிக்கும், இறங்கினா தொய்ஞ்சு போகும், பொண்ணுக்கு அதைக் காட்டுங்க, வேற கருவி வேணாம்.

பரிசல்துறை:

லேட்டா வர்றேன். நான் பவானிசாகர். நீங்க எல்லாம் மேல நின்னு தேடுறீங்க, எங்க ஊர் அணை மேல நின்னு மேற்கால பாருங்க, காலையில மேகம் இல்லாதப்போ நீலகிரி கூம்பா தெரியாது, ஒரு மதில் மாதிரி தெரியும், மேல் கோடு ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி கிட்டத்தட்ட நேரா ஓடும். மேசையைப் பாக்கணும்னா மேசை மேல ஏறக் கூடாது சாமி.

இன்னொண்ணு, மேசை மேசைன்னு அடிச்சுக்கிறீங்களே, நம்ம வார்த்தை பீடம் ஆச்சே. கோயில்ல பலிபீடம் பாத்திருக்கீங்கல்ல, மேல தாமரை இதழ் மேடு பள்ளமாத்தான் இருக்கும், அதுக்காக அது பீடம் இல்லைன்னு ஆயிடுமா? தரையில இருந்து எழும்பி, ஓரம் வெட்டின மாதிரி இறங்கினா பீடம். தட்டையா இருக்கணும்னு அந்த வார்த்தை சொல்லவே இல்ல.

எங்க அணைக்கு வர்ற ரெண்டு ஆறும் அந்தப் பீடத்தைச் சுத்தித்தான் வருது. முக்குர்த்தி பக்கம் பொறந்து வடக்கால போற பைக்காரா, விளிம்புல விழுந்ததும் மோயாறுன்னு பேரை மாத்திக்கிட்டு கிழக்கால திரும்பி வரும். பவானி தென்மேற்கு மூலையில பொறந்து கேரளாவுக்குள்ள அட்டப்பாடி போய் எட்டிப் பாத்துட்டு மனசு மாறின மாதிரி திரும்பி, மேட்டுப்பாளையம் வழியா வரும். மேல பக்கத்துல பக்கத்துல விழுந்த ரெண்டு மழைத்துளி ஒண்ணு வடக்க ஒண்ணு தெக்கன்னு முழு மலையையும் வலம் வந்து எங்க அணையில வந்து சந்திக்கும். அந்த விளிம்புச் சரிவை வச்சுத்தான் 1932ல பைக்காராவுல கரண்ட் எடுத்தான், தண்ணி குழாய்ல 900 மீட்டருக்கு மேல விழுது.

மாவட்டம் முழுக்க உசரம்னும் நெனச்சுடாதீங்க. தெங்குமரஹாடான்னு ஒரு ஊரு, மோயாத்துக்கு அந்தாண்ட, மலைக்கு அடியில, வாழையும் நெல்லும் போடுற ஊரு. அது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா! ஆனா பஸ் போறது எங்க பவானிசாகர் வழியா காட்டுக்குள்ள, இந்தக் கரையில இறங்கி பரிசல்ல ஆத்தைத் தாண்டணும், தண்ணி ஏறிடுச்சுன்னா அன்னைக்கு அந்தாண்ட போக முடியாது. ஸ்வெட்டர் போட்ட மாவட்டத்துல விசிறிக்கிட்டு உக்காந்திருப்பாங்க அங்க.

பொறங்காட்டான்:

தெங்குமரஹாடா எங்க கோடநாடு காட்சி முனையில இருந்து பாத்தா கீழ பச்சைத் துண்டு மாதிரி தெரியும். நேர்கோட்டுல பக்கம், ரோட்டுல போனா ஒரு நாள் போயிடும்.

குரூப்ஃபோர்கனவு:

இவ்ளோ படிச்சும் எக்ஸாம்ல மலைன்னுதான் எழுதுவேன் 😄 ஆனா அந்த ரெண்டு ஆறு மேட்டரை நோட்ல எழுதிக்கிட்டேன்.

திண்ணைப்பேச்சு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பலிபீடம் உதாரணம் பொண்ணுக்கு அவ்வளவா பிடிக்கல, கடலைதான் பிடிச்சிருக்கு. அடுத்த தடவை பவானிசாகர்ல முதல்ல நின்னு கீழ இருந்து பாத்துட்டு அப்புறம் கோத்தகிரி ஏறலாம்னு இருக்கோம். பொறங்காட்டான் தம்பி, கோடநாட்டுல மேகம் இல்லாம பாக்க எப்ப வரணும்?

பொறங்காட்டான்:

ஐப்பசி கார்த்திகை வேணாம் அண்ணே, ஒண்ணும் தெரியாது, வெள்ளை வேட்டி கட்டி மூடின மாதிரி இருக்கும். தை மாசம் வாங்க, காலையில ஒன்பது பத்து மணிக்குள்ள அங்க இருக்கணும், அதுக்கு மேல கீழ இருந்து சூடு ஏறி மேகம் கிளம்பி வந்துடும். மலைக்கு வர்றதுக்கு இப்ப இ-பாஸ் கேக்குறாங்க, கிளம்புற முன்னாடி போன்லயே எடுத்து வச்சிருங்க, செக்போஸ்ட்ல போய் நெட்டு தேடாதீங்க. பாப்பாவுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் மேட்டுப்பாளையத்துலயே வாங்கிக்கோங்க, பிரிக்காம கொண்டு வரச் சொல்லுங்க.